புதிர் வகுத்த புலவர் எட்கர் ஆலன் போ

மறைந்து கிடப்பதை அறிய விழைதல் மக்கட்கு இயல்பு. விடுகதை கேட்ட சிறுவன் விடை காணுமளவும் உறங்கான். அவ்விழைவே வளர்ந்தோரிடத்துக் குறுக்கெழுத்துப் போட்டியாகவும், துப்பறியும் நாவலாகவும், இந்நாளில் கணிப்பொறித் திரையில் ஆடப்பெறும் மர்மப் புதிர் விளையாட்டாகவும் வடிவெடுக்கின்றது. பெருநிறுவனங்களின் துணையின்றி, ஒருவரோ ஒரு சிலரோ தம் சொந்த முயற்சியால் இயற்றி வெளியிடும் சிறு விளையாட்டுக்கள் இவற்றுள் தனிச்சுவை உடையன. சாம் பார்லோ என்பார் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹெர் ஸ்டோரி' என்பதில், ஒரு பெண்ணைப் போலீசார் விசாரித்தபோது எடுத்த படத்துணுக்குகள் சிதறிக் கிடக்கின்றன. ஆடுவோர் தமக்குத் தோன்றும் சொல்லை இட்டுத் தேடி, துணுக்கோடு துணுக்கை இணைத்து, நடந்தது யாதெனத் தாமே உணர்தல் வேண்டும். லூகஸ் போப் என்பார் 2018 இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' என்பதிலோ, காணாமற்போய்ப் பின் துறைக்கு மீண்ட கப்பல் ஒன்றிலிருந்த 60 பேருடைய பெயரையும் முடிவையும் ஆய்ந்து துணிதல் வேண்டும். இவற்றில் விரைந்த கைக்கு வேலை குறைவு. கூர்ந்த கண்ணும் ஒழுங்குபட்ட சிந்தனையுமே வெற்றி தருவன. இவை பல மாதங்களை விழுங்குவனவும் அல்ல. சில மாலைப்பொழுதுகளில் முடிவன.

இவ்வின்பத்தின் வேரைத் தேடிச் செல்வோமாயின், அமெரிக்கப் புலவர் ஒருவரிடம் சென்று நிற்போம். அவரே எட்கர் ஆலன் போ. பேய்க்கதைகளாலும் 'தி ரேவன்' என்னும் பாட்டாலும் அவரை அறிந்தோர் பலர். புதிரை ஒரு கலையாக வகுத்தவர் என்னும் முறையில் அறிந்தோர் சிலரே. ஆதலின் அவருடைய சரிதத்தை அவ்வழி நின்று சுருங்கக் கூறுவோம்.

பிறப்பும் இளமையும்

எட்கர் 1809 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 19 ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் நாடக மேடையில் நடித்துப் பிழைத்தவர். தந்தை குடும்பத்தை விட்டகன்றார். தாய் 1811 ஆம் ஆண்டு டிசம்பரில் ரிச்மண்ட் நகரில் நோயுற்று இறந்தார். மூன்று வயதும் நிரம்பாத குழந்தையை அந்நகரத்து வணிகர் ஜான் ஆலன் என்பாரும் அவர் மனைவியாரும் எடுத்து வளர்த்தனர். ஆலன் என்னும் பெயர் அவ்வாறு வந்து சேர்ந்ததே. ஆயினும் அவ்வணிகர் சிறுவனை முறைப்படி சுவீகாரம் செய்துகொள்ளவில்லை. அக்குறை பின்னாளில் எட்கரின் வாழ்வையே புரட்டிவிட்டது.

1815 முதல் 1820 வரை இக்குடும்பம் பிரிட்டனில் வாழ்ந்தது. லண்டனையடுத்த ஸ்டோக் நியூவிங்டனில் எட்கர் பயின்றார். தாயகம் மீண்டபின், 1826 இல், தாமஸ் ஜெபர்சன் நிறுவிய வர்ஜினியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். மொழிகளில் அவர் சிறந்து விளங்கினார். ஆயினும் வளர்ப்புத் தந்தை அனுப்பிய பணம் போதாமை ஒருபுறம், சூதாட்டம் மற்றொருபுறம் ஆக, ஏறத்தாழ 2,000 டாலர் கடன் அவர் தலைமேல் ஏறிற்று. ஆலன் அக்கடனைத் தீர்க்க மறுத்தார். ஓராண்டும் முற்றுப்பெறாமுன் கல்வி நின்றது. திறமையுடைய மாணவன் ஒருவன் சூதினாற் கெட்ட கதை பழங்கதையே. எனினும் நம் போன்றோர் மீண்டும் மீண்டும் கேட்கத் தக்கது.

படையிற் பெற்ற பயன்

1827 இல், பதினெட்டு வயதே ஆன எட்கர், தம் பெயரை எட்கர் ஏ. பெர்ரி என்றும் வயதை இருபத்திரண்டு என்றும் மாற்றிக் கூறிப் படையிற் சேர்ந்தார். அவ்வாண்டே அவருடைய முதற் கவிதை நூல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது, வாங்குவார் இலர். அவருடைய படைப்பிரிவு தென் கரோலினாவைச் சார்ந்த சல்லிவன் தீவில் ஓராண்டுக்கு மேல் தங்கியது. மணலும் புதரும் கடலோசையுமான அத்தீவே பின்னர் அவருடைய புகழ்பெற்ற புதையற் கதைக்குக் களமாயிற்று. படையில் நற்பெயரோடு உயர்ந்த எட்கர், பின் வெஸ்ட் பாயிண்டு இராணுவக் கல்லூரியில் நுழைந்து, அங்கு நில்லாமல், கடமை தவறியமைக்காக 1831 இல் நீக்கப்பட்டார். அதன்பின் அவருக்கு ஆதரவாய் அமைந்தவர் பால்டிமோர் நகரத்து அத்தை மரியா கிளெம் அம்மையாரும் அவர் மகள் வர்ஜினியாவும். 1836 இல் எட்கர் வர்ஜினியாவை மணந்தார். அப்பெண்ணுக்கு அப்போது வயது பதின்மூன்று.

சதுரங்கப் பாவை

1833 இல் சிறுகதை ஒன்றுக்கு 50 டாலர் பரிசு பெற்ற எட்கருக்கு, 1835 இல் ரிச்மண்டில் ஒரு பத்திரிகையில் வேலை கிடைத்தது. அந்நாளில் மேல்ஜெல் என்பார் ஊர்தோறும் ஒரு பாவையைக் காட்டிப் பொருளீட்டினார். துருக்கியர் உடை பூண்டு, பெட்டி ஒன்றின் பின்னமர்ந்து, எதிர் வருவாரோடு சதுரங்கம் ஆடும் பாவை அது. வியன்னாவில் கெம்பலன் என்பார் 1770 ஆம் ஆண்டளவில் இயற்றியது. பெட்டியின் கதவுகளைத் திறந்து காட்டியபோது உள்ளே சக்கரங்களே தெரிந்தன. ஆதலின் யந்திரமே சிந்திக்கின்றது என்று பலரும் மயங்கினர்.

எட்கர் அக்காட்சியைக் கண்டு வாளா வியந்திருக்கவில்லை. கதவுகள் என்றும் ஒரே முறைப்படி திறக்கப்படுவதைக் குறித்துக்கொண்டார். மேல்ஜெலுடன் சென்ற ஷ்லும்பெர்கர் என்பார் ஆட்டம் நிகழும்போது எங்கும் காணப்படாமையையும், அவர் நோயுற்றபோது ஆட்டமே நின்றுபோனமையையும் கருதினார். உள்ளே ஆள் ஒளிந்திருக்கின்றான் என்று 1836 ஏப்ரலில் எழுதி வெளியிட்டார். அம்முடிபு உண்மையே. ஆயினும் அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று பிழையுடையது. உண்மையான யந்திரமாயின் என்றும் தோலாது. இப்பாவையோ சிற்சில வேளை தோற்கின்றது. ஆதலின் இது யந்திரமன்று என்று அவர் வாதித்தார். யந்திரம் தோற்கவும் கூடும் என்பதைக் கணிப்பொறிச் சதுரங்கத்தின் வரலாறு காட்டும்: 1996 இல் காஸ்பரோவிடம் தோற்ற டீப் புளூ என்னும் பொறி 1997 இல் அவரை வென்றது. விடை சரியானமையாலேயே வழியும் சரியென்று கொள்ளலாகாது. ஒவ்வொரு படியையும் தனியே சோதித்தல் வேண்டும். கணக்கு வகுப்பில் ஆசிரியர் நமக்குச் சொல்வதும் இதுவன்றோ?

மறைமொழி விளையாட்டு

1838 இல் எட்கர் பிலடெல்பியாவிற்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில், அந்நகரத்து வாரப் பத்திரிகை ஒன்றின் வாயிலாக வாசகரை அறைகூவினார்: எழுத்துக்கு எழுத்து வேறு குறியிட்டு எழுதிய மறைமொழி எதனை அனுப்பினும் தாம் அவிழ்ப்பதாக உறுதி கூறினார். கடிதங்கள் வந்து குவிந்தன. ஏறத்தாழ நூறு மறைமொழிகளை அவிழ்த்ததாக அவர் பின்னர் உரைத்தார். இவை எளிய வகையைச் சார்ந்தனவே என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். எனினும், பத்திரிகையைப் படிப்பாரும் எழுதுவாரும் ஒன்றுகூடி ஆடும் ஆட்டம் ஒன்றை அவர் நடத்திக் காட்டினார் என்பது மறுக்கவொண்ணாதது.

1841 இல், டைலர் என்பவர் அனுப்பியன என்று சொல்லி, இரண்டு மறைமொழிகளை விடையின்றியே 'கிரஹாம்ஸ்' பத்திரிகையில் அவர் வெளியிட்டார். அவை நூற்றைம்பது ஆண்டு மௌனமாகக் கிடந்தன. முதலாவதை 1992 இல் டெரன்ஸ் வேலன் என்னும் ஆராய்ச்சியாளர் அவிழ்த்தார். அடிசனின் 'கேட்டோ' நாடகத்துப் பகுதி அது. இரண்டாவதை 2000 ஆம் ஆண்டில் கில் புரோசா என்பார் கணிப்பொறியின் துணைகொண்டு அவிழ்த்தார். ஒருவன் இட்ட முடிச்சு அவன் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் பிறர் உறக்கத்தைக் கெடுத்ததென்றால், புதிரின் வலிமையை என்னென்பது!

1843 இல் வெளிவந்த 'தி கோல்டு பக்' என்னும் கதை 100 டாலர் பரிசு பெற்றது. கடற்கொள்ளைக்காரன் புதைத்த செல்வத்தின் இடம் ஓர் ஓலையில் மறைமொழியாக எழுதப்பட்டுள்ளது. கதைத்தலைவன் அதனை அவிழ்க்கும் வழி எவர்க்கும் விளங்குவது. ஆங்கிலத்தில் மிகுதியும் பயில்வது ஈ என்னும் எழுத்து. ஓலையில் 33 முறை வருவது எட்டு என்னும் எண். ஆகவே எட்டு என்பது ஈ ஆகலாம். அவ்வெட்டில் முடியும் மூன்று குறிகள் ஒரே வரிசையில் பன்முறை வருகின்றன. அவை ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'தி' என்னும் சொல்லாகலாம். இவ்வாறு ஒன்று தெரிய, அதன் துணையால் மற்றொன்று தெரிகின்றது. இதனை இளமையிற் படித்து உள்ளங் கொள்ளைபோன வில்லியம் பிரீட்மன் என்பார் பிற்காலத்தில் அமெரிக்க அரசின் தலைசிறந்த மறைமொழி அறிஞராயினார்.

துப்பறியும் கதை தோன்றல்

1841 ஏப்ரலில் 'தி மர்டர்ஸ் இன் தி ரூ மார்க்' என்னும் கதை 'கிரஹாம்ஸ்' பத்திரிகையில் வெளிவந்தது. துப்பறியும் கதைக்கு இதுவே முதலென்பர். பாரிஸ் நகரத்தில் வறுமையுற்று வாழும் தூப்பேன் என்பான், உள்ளே பூட்டிய அறையில் நிகழ்ந்த கொலையை ஆய்ந்து துணிகின்றான். உடனுறையும் நண்பன் அதனை எடுத்துரைக்கின்றான். முடிவை ஈண்டு நாம் கூறமாட்டோம்; படியாதாரின் இன்பத்தைப் பறித்தல் அறமன்று. 1887 இல் தோன்றிய ஷெர்லக் ஹோம்ஸும் அவர் நண்பர் வாட்சனும் இவ்விருவர் வழியினரே. நம் நாட்டில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிய துப்பறியும் நாவல்களும் அப்பெரிய ஆற்றின் கிளைகளே எனலாம்.

அறிவின் எல்லையையும் இவர் கண்டார். நியூயார்க்கில் 1841 இல் உண்மையாகவே கொலையுண்ட மேரி ரோஜர்ஸ் என்னும் பெண்ணின் செய்தியைப் பாரிசுக்கு மாற்றி, செய்தித்தாள்களை மட்டும் கொண்டு துப்பறிய முயன்றார். கதை தொடர்ந்து வெளிவரும்போதே புதுச் செய்திகள் வந்தன. 1845 இல் நூலாக வெளியிட்டபோது தம் சொற்களை ஆங்காங்குத் திருத்தவேண்டியதாயிற்று. அக்கொலையின் உண்மை இன்றளவும் வெளிப்படவில்லை. கதையில் ஆசிரியன் முடிச்சிட்டு ஆசிரியனே அவிழ்க்கின்றான். உலகிலோ முடிச்சு நம் கையிலில்லை.

சிறுமையின் பெருமை

1842 இல் ஹாதார்னின் கதைகளைப் பற்றி எழுதுங்கால், எட்கர் சிறந்த கொள்கை ஒன்றை நாட்டினார். கதையென்பது எழுந்திராமல் ஒரே அமர்வில், அரை மணி முதல் இரண்டு மணிக்குள், படித்து முடிக்கத் தக்கதாதல் வேண்டும். இடையே உலகக் கவலை புகுந்தால் அதன் முழுமை சிதையும். தொடக்கமுதல் எச்சொல்லும் ஒரே பயனை நோக்கியே நிற்கவேண்டும் என்பது அதன் கருத்து. இன்றைய சிறு விளையாட்டுக்கள் ஒரே மாலையில் நம்மை ஆட்கொள்வதற்குக் காரணமும் இதுவே.

அவற்றை இயற்றுவோர் பிறர்க்கு அடிமையாகாது உழைப்பதும் எட்கர் கண்ட கனவே. அவருடைய எழுத்தால் 'கிரஹாம்ஸ்' பத்திரிகையின் சந்தாதாரர் பன்மடங்கு பெருகினர். அவர் பெற்ற ஆண்டூதியமோ 800 டாலரே. முதலாளிக்கு அஞ்சாது எழுதத் தமக்கென ஒரு பத்திரிகை வேண்டுமென 1840 முதல் இறக்குமளவும் முயன்றார். இருமுறை பெயரிட்டு விளம்பரமும் செய்தார், ஓரிதழும் வெளிவரவில்லை. 1845 இல் கடன் வாங்கி உரிமையாக்கிக்கொண்ட பிறிதொரு பத்திரிகையும் 1846 ஜனவரியில் நின்றது. 1845 ஜனவரியிலேயே 'தி ரேவன்' வெளிவந்து நாடெங்கும் புகழ் பரப்பியது. புகழ் வந்தது, பொருள் வரவில்லை. காசநோயால் ஐந்தாண்டு நலிந்த வர்ஜினியா 1847 ஜனவரி 30 ஆம் நாள் உயிர் நீத்தார்.

இறுதிப் புதிர்

1849 அக்டோபர் 3 ஆம் நாள், பால்டிமோரில் தேர்தல் நடந்த ஒரு விடுதியருகே, தமக்குரியதாகத் தோன்றாத உடையுடன், நினைவு தடுமாறிய நிலையில் எட்கர் காணப்பட்டார். மருத்துவமனையில் நான்கு நாள் கிடந்து, 7 ஆம் நாள் நாற்பதாம் வயதில் இறந்தார். எவ்வாறு அந்நிலை எய்தினாரென்று அவர் கூறவில்லை. குடி என்பாரும், மூளைநோய் என்பாரும், வெறிநாய்க்கடி நோய் என்பாரும், கள்ள வாக்குக்காகப் பிடித்து வதைத்தனர் என்பாரும் உளர். மருத்துவக் குறிப்பு எஞ்சவில்லை. ஆதலின் துணிவும் இல்லை.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. அவருடைய நூல்களைத் தொகுக்கும் பொறுப்பேற்ற கிரிஸ்வோல்ட் என்பார், முதலில் புனைபெயரில் இகழ்ந்தெழுதினார். பின்பு எட்கரின் கடிதங்களிற் பொய்வரிகளைச் செருகி, அவரை நன்றியற்ற தீயராகக் காட்டினார். உலகம் நெடுங்காலம் அதனை நம்பியது. மூலக்கடிதங்களையும் அச்சிட்டவற்றையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, அம்மோசத்தை ஆர்தர் ஹாப்சன் குவின் என்னும் பேராசிரியர் 1941 இல் வெளிப்படுத்தினார். எந்த முறையை எட்கர் தூப்பேனுக்குக் கற்பித்தாரோ அந்த முறையே அவர்மீது ஏற்றிய பழியைத் துடைத்தது.

மாணவ நண்பர்களே! புதிரை விளையாட்டென்று இகழ வேண்டுவதில்லை. கண்டதைக் கண்டவாறே குறித்தல், எளிதிற் கிட்டிய விடையை ஐயுறுதல், சான்று இல்லாவிடத்து வாயடங்கி நிற்றல் ஆகிய மூன்றையும் அது நமக்குத் துன்பமின்றிக் கற்பிக்கின்றது. ஆனால் திரையிலே அறுபது பேருடைய முடிவை அவ்வளவு பொறுமையோடு ஆராயும் நாம், அயலான் ஒருவனைப் பற்றி எவரோ சொன்ன பழியை ஒரு நொடியில் நம்பிவிடுவோமாயின், அவ்விளையாட்டால் யாம் பெற்ற பயன் யாது?