அந்நியரை ஏற்றுக்கொண்ட வீடு
(அர்ச். எலிசபெத் சேட்டன் அம்மாளின் வாழ்க்கையிலிருந்து)



ஜனவரி 4-ம் தேதி, அர்ச். எலிசபெத் ஆன் சேட்டன் அம்மாளின் திருநாள். இந்த அம்மாள் ஐந்து பிள்ளைகளைப் பெற்ற தாய். இருபத்தொன்பது வயதில் கைம்பெண்ணானவர். அமெரிக்காவில் பிறந்த அந்நாட்டுப் பிரஜைகளுள் முதன்முதலாக அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றவர். 1975-ம் ஆண்டு செப்டம்பர் 14-ம் தேதி பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அப்பட்டத்தை வழங்கினார். அவர் ஏற்படுத்திய கன்னியர் சபையைப் பற்றியும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதற்கெல்லாம் வித்து விழுந்த இடம் எது தெரியுமா? கடல் கடந்த ஓர் ஊரில், அந்நியர் வீட்டுச் சாப்பாட்டு மேசை. அந்த ஐந்து மாதக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

எலிசபெத் 1774-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ம் தேதி நியூயார்க்கில் பிறந்தார். தகப்பனார் ரிச்சர்டு பெய்லி பேர்பெற்ற வைத்தியர். தாயாரோ, குழந்தைக்கு மூன்று வயது நிறையுமுன் மரித்துப்போனார். தாய் முகம் நினைவில் இல்லாத பிள்ளை அது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். குடும்பத்தார் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்கள். 1794-ம் ஆண்டு, பத்தொன்பது வயதில், வில்லியம் சேட்டன் என்னும் வியாபாரியின் மகனை மணந்தார். கப்பல் வியாபாரம், நல்ல வீடு, நண்பர் கூட்டம் எல்லாம் இருந்தன. அன்னா மரியா, வில்லியம், ரிச்சர்டு, கத்தரீன், ரெபேக்கா என்று ஐந்து குழந்தைகள் பிறந்தன.

1798-ல் மாமனார் இறந்தார். கணவருடைய இளைய சகோதர சகோதரிகளை வளர்க்கும் பாரமும் இந்த இளம் தம்பதிகள் மேல் விழுந்தது. வியாபாரம் சரிந்து முறிந்தது. 1801-ல், கப்பலில் வந்திறங்கிய ஏழைகளுக்கு மருத்துவம் செய்த தகப்பனார் அவர்களிடமிருந்தே காய்ச்சல் தொற்றி மாண்டார். வில்லியமுக்கோ க்ஷயரோகம் முற்றிவிட்டது. கடற்பிரயாணமும் இத்தாலியாவின் இளவெயிலும் உதவக்கூடும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அங்கே லிவோர்னோ துறைமுகத்தில் பிலிப்போ பிலிக்கி, அந்தோனியோ பிலிக்கி என்னும் வியாபாரச் சகோதரர்கள் இருந்தார்கள். வில்லியம் வாலிபத்தில் அவர்களிடம் தொழில் பழகியவர். அந்தப் பழைய சிநேகிதத்தை நம்பி, 1803-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி, கணவனும் மனைவியும் எட்டு வயது அன்னா மரியாவும் கப்பல் ஏறினார்கள். மற்ற நான்கு சிறுவர்களையும் உறவினர் வீடுகளில் விட்டுவிட்டுப் போனார்கள். கடைக்குட்டிக்கு வயது ஒன்றுதான். அந்தத் தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைத் தாய்மார்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நவம்பர் 18-ம் தேதி கப்பல் லிவோர்னோ வந்து சேர்ந்தது. மறுநாள் வாத்திய கோஷ்டி ஒன்று வந்து கப்பலறை ஜன்னலுக்குக் கீழே வாசித்தது. வீட்டில் குழந்தைகள் ஆடிப்பாடும் அதே மெட்டுகள்! எலிசபெத் அம்மாளின் சகோதரர் ஒருவர் அப்போது பிலிக்கி கம்பெனியில் வேலை பார்த்து வந்தார். அவர் படகில் வந்ததைக் கண்டு ஓடிப்போய்த் தழுவப் போனவரைக் காவலர் தடுத்துவிட்டனர். நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. அவ்வூரிலிருந்து நோயாளியோடு வந்தவர்கள் யாரையும் தொடக்கூடாது என்று உத்தரவு. மூவரையும் வேறொரு படகில் ஏற்றி, ஊருக்கு வெளியே கடலோரத்தில் இருந்த லாசரெத்து என்னும் தொற்றுநோய்க் காவல் விடுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

2020-ம் ஆண்டில் கொரோனா பரவியபோது, கதவுக்கு வெளியே உணவை வைத்துவிட்டு விலகிப் போனதை நாம் மறக்கவில்லை. ஆகையால் அந்த விடுதியை உங்களால் எளிதில் கண்முன் நிறுத்திப் பார்க்க முடியும். கல் சுவர், செங்கல் தரை, சுவருக்கு அப்பால் இரவும் பகலும் அலை மோதும் சத்தம். நெருப்பு மூட்டினால் புகை, மூட்டாவிட்டால் குளிர். இருமி இருமி இரத்தம் கக்கும் கணவன். குளிர் தாங்காமல் கயிறு தாண்டித் தாண்டி உடம்பைச் சூடாக்கிக் கொள்ளும் சிறுமி. நவம்பர் 19 முதல் டிசம்பர் 19 வரை ஒரு மாத காலம் இந்தச் சிறை வாசம்.

அந்த ஒரு மாதமும் பிலிக்கி குடும்பத்தார் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். முதல் நாளே சாப்பாடும் தட்டுமுட்டுச் சாமான்களும் அனுப்பினார்கள். நோயாளிக்குத் திரையிட்ட கட்டில் வந்தது. உள்ளேயே தங்கிப் பணிவிடை செய்ய லுயீஜி என்னும் முதியவரை அனுப்பி வைத்தார்கள். தொட முடியாவிட்டாலும் வேலிக்கு அப்பால் வந்து நின்று நலம் விசாரித்தார்கள். வந்தவர்கள் கடனில் முறிந்தவர்கள். வேற்று மதச் சபையினர். அஞ்ச வேண்டிய நோயுடையவர்கள். அவர்களால் இனி வியாபார லாபம் ஒன்றுமில்லை. இருந்தும் அந்த வீட்டுச் சமையலறையிலிருந்து சாப்பாடு வருவது நிற்கவில்லை.

விடுதிக்குள்ளே அந்தச் சிறு குடும்பம் ஜெபிக்கக் கற்றுக்கொண்டது. வில்லியம் முன்னெல்லாம் பக்தி விஷயத்தில் அவ்வளவு கருத்துள்ளவரல்ல. எலிசபெத்தோ வேதாகமத்தை நேசித்து வாசிப்பவர். இப்போது மூவருமாய் உட்கார்ந்து சங்கீதங்களை வாசித்தார்கள். தெய்வ சமாதானம் என்பதை வில்லியம் அந்தக் கல் அறையிலேதான் கண்டுகொண்டார். ஊருக்குள்ளிருந்து மாலையில் திரிகால ஜெப மணி ஒலிக்கும். அதன் அர்த்தம் அவர்களுக்கு அப்போது முழுதும் தெரியாது.

டிசம்பர் 19-ம் தேதி விடுதலை கிடைத்தது. வில்லியமைத் தூக்கி வண்டியில் வைத்துப் பீசா நகருக்குக் கொண்டுபோனார்கள். கர்த்தர் பிறந்த திருநாளன்று அவர் நற்கருணை வாங்க ஆசைப்பட்டார். அவர்கள் சபைப் போதகர் யாரும் அருகில் இல்லை. மனைவி ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் திராட்சை இரசம் வார்த்து, சங்கீதங்களையும் ஜெபங்களையும் சொல்லி, இருவரும் பருகினார்கள். அது தேவதிரவிய அனுமானம் அல்லவென்று நமது ஞானோபதேசம் சொல்லும். மெய்தான். ஆனால் சேசுநாதர் மேலுள்ள அந்தத் தாகத்தை அவர் பாராமல் இருந்திருப்பாரா? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பீடத்தண்டை வரக்கூடிய நாம் அந்தக் கிண்ணத்தை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்படலாம்.

டிசம்பர் 27-ம் தேதி வில்லியம் உயிர்விட்டார். வயது முப்பத்தைந்து. நோய்க்குப் பயந்து பலர் நெருங்கவில்லை. ஒரு சலவைக்காரியின் உதவியோடு, மனைவியே அவரைக் கழுவிக் கிடத்தினார். லிவோர்னோவில் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. அந்நிய தேசத்தில், பாஷை தெரியாத ஊரில், கையில் பணமில்லாமல், எட்டு வயதுப் பெண்ணோடு ஒரு கைம்பெண்!

அந்தோனியோவும் அவர் மனைவி அமாபிலியாவும் அவர்களைத் தங்கள் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார்கள். கதையின் இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தமானது. பெரிய காரியம் எதுவும் நடக்கவில்லை. அன்றாட வாழ்க்கை நடந்தது. அன்னா மரியாவை அன்னீனா என்று செல்லமாய்க் கூப்பிட்டார்கள். துக்கத்திலிருந்து மனம் சற்றுத் தெளியட்டும் என்று புளோரன்ஸ் நகருக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே மங்களவார்த்தை மாதா கோவிலில் மங்கலான வெளிச்சத்தில் முதியோரும் இளைஞரும் சுற்றுமுற்றும் பாராமல் முழந்தாளிட்டு ஜெபிப்பதைக் கண்டார். தம்மையறியாமல் தாமும் முழந்தாளிட்டு அழுதார்.

தபசு காலம் வந்தது. அமாபிலியா ஒருசந்தி பிடித்து, பிற்பகல் மூன்று மணி வரை ஒன்றும் உண்ணாமல், அதைத் தன் பாவங்களுக்காக ஒப்புக்கொடுப்பதைக் கண்டார். நியூயார்க்கில் விபூதித் திருநாளன்று காலையில் சுடச்சுடப் பணியாரமும் காப்பியும் சாப்பிட்டுவிட்டுக் கோவிலுக்குப் போய், உபவாசத்தைப் பற்றிய ஜெபத்தை வாசித்தது ஞாபகம் வந்தது. தம்மை நினைத்துத் தாமே சிரித்துக்கொண்டார். சிலுவை அடையாளம் வரையும் விதத்தை அந்தோனியோ காட்டிக்கொடுத்தார். அதை முதன்முதல் வரைந்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஒருநாள் அருகிலுள்ள மோந்தெநேரோ மாதா கோவிலில் பூசை கண்டுகொண்டிருந்தார்கள். எழுந்தேற்ற வேளையில், பக்கத்தில் நின்ற ஆங்கிலேய வாலிபன் ஒருவன், இதைத்தான் இவர்கள் மெய்யான பிரசன்னம் என்கிறார்கள் என்று ஏளனமாய்க் காதில் சொன்னான். எலிசபெத் நடுநடுங்கித் தலை குனிந்தார். அர்ச். சின்னப்பர் இந்த அப்பத்தைப் பற்றி அத்தனை கண்டிப்பாய் எச்சரித்தது எதற்காக என்ற கேள்வி அன்று அவர் நெஞ்சில் புகுந்தது. பின்னர் தேவநற்கருணை பவனியாக வீதியில் போகையில், ஜன்னலண்டை தனியே நின்ற அவர் தரையில் விழுந்து, ஆண்டவர் அங்கே இருப்பது மெய்யானால் தம்மை ஆசீர்வதிக்கும்படி மன்றாடினார்.

இன்னொரு நாள் அமாபிலியாவின் ஜெபப் புத்தகம் மேசைமேல் கிடந்தது. திறந்து பார்த்தார். தேவமாதாவை நோக்கி அர்ச். பெர்நர்துவின் பேரால் சொல்லப்படும் ஜெபம் கண்ணில் பட்டது. அதை வாசித்ததும், குழந்தைப் பருவத்தில் இழந்த தாய் தமக்குத் திரும்பக் கிடைத்துவிட்டதாக உணர்ந்தார். அந்தப் புத்தகத்தை யாரும் அவர் கையில் திணிக்கவில்லை. நண்பர் வீட்டு மேசையில் அது கிடந்தது, அவ்வளவுதான்.

ஊர் திரும்பும் வேளை வந்தது. அப்போது அன்னா மரியாவுக்குச் செங்காய்ச்சல் கண்டது. அது குணமாகுமுன் தாய்க்கும் வந்தது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தும் பிலிக்கி தம்பதிகள் அவர்களை வெளியே அனுப்பவில்லை. கூட இருந்தே பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு கைம்பெண்ணையும் சிறுமியையும் நெடுங்கடலில் தனியே விடுவதற்கு மனமில்லாமல், அந்தோனியோ தாமே துணையாகப் புறப்பட்டார். அமாபிலியா சம்மதித்து, கணவரை மாதக்கணக்கில் பிரிந்திருக்கத் துணிந்தார். ஏப்ரல் 8-ம் தேதி விடியற்காலையில் பூசை கண்டு, கப்பல் ஏறினார்கள். 1804-ம் ஆண்டு ஜூன் 4-ம் தேதி நியூயார்க் சேர்ந்து, எலிசபெத் தம் பிள்ளைகளை மறுபடியும் மார்போடு அணைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒன்பது மாதப் போராட்டம். மூத்தவரான பிலிப்போ நியாயங்களை எழுதிக் கொடுத்திருந்தார். அவருடைய பழைய போதகர் எதிர் நியாயங்களைச் சொன்னார். இரண்டு பக்கத்துப் புத்தகங்களும் அவரைக் குழப்பின. கடைசியில் 1805-ம் ஆண்டு மார்ச் 14-ம் தேதி, நியூயார்க் அர்ச். இராயப்பர் கோவிலில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். மார்ச் 25-ம் தேதி புதுநன்மை வாங்கினார். செல்வமுள்ள உறவினரும் பழைய நண்பர்களும் பலர் விலகிப்போனார்கள். பிலிக்கி சகோதரர்களோ விலகவில்லை. பிள்ளைகளின் படிப்புக்கும் குடும்பச் செலவுக்கும் ஆண்டுதோறும் உதவினார்கள். 1809-ல் எம்மிட்ஸ்பர்க் என்னும் ஊரில் அம்மாள் கன்னியர் சபையைத் தொடங்கியபோதும் அவர்கள் கொடை நிற்கவில்லை. இளைஞரான வில்லியமும், அவருக்குப் பின் ரிச்சர்டும், தொழில் பழக லிவோர்னோவுக்கே போனார்கள்; தகப்பன் பழகிய அதே இடம்! இருவருக்கும் வியாபாரம் படியவில்லை. அதையும் பிலிக்கி குடும்பம் பொறுத்துக்கொண்டது.

கயிறு தாண்டிய அந்தச் சிறுமி அன்னா மரியா, பதினாறு வயதில், 1812-ல், மரணப் படுக்கையில் வார்த்தைப்பாடு கொடுத்து மரித்தாள். தாயார் 1821-ம் ஆண்டு ஜனவரி 4-ம் தேதி, நாற்பத்தாறு வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

வாசகரே, இதை எழுதும்போது என்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் வேற்று மாநிலத்திலிருந்து வேலைக்காக வந்த ஓர் இளம் குடும்பம் என் அறை வாசலுக்கு வந்தது. இடுப்பில் கைக்குழந்தை. நான் முதலில் கேட்டது ஞானஸ்நானப் பத்திரத்தை. குழந்தை பால் குடித்ததா என்று கேட்கத் தோன்றவில்லை. பத்திரத்தோடு வருகிறோம் என்று போனவர்கள் பிறகு வரவேயில்லை. இந்தக் குறை என்னுடையது. லுயீஜி கிழவரைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் அந்தக் குடும்பம் நினைவுக்கு வருகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மனிதரைப் பிடிக்கும் வலையாக அன்பு செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நோயாளியான வில்லியம் ஆங்கிலிக்கராகவே இறந்தார். அவருக்கு அனுப்பிய சாப்பாட்டில் பிலிக்கி குடும்பம் ஒன்றும் குறைத்துவிடவில்லை. எலிசபெத் அம்மாள் மனம் மாறாமலே ஊர் திரும்பியிருந்தாலும், அந்தோனியோ கப்பலில் துணை வந்துதான் இருப்பார். அன்பென்றால் அதுதான்.

நம் வீதியில் வாடகை வீட்டில் குடியிருக்கும் வெளியூர்க் குடும்பத்தின் பிள்ளைகளுடைய பெயர் நமக்குத் தெரியுமா? நம் பிள்ளைகளும் எத்தனையோ பேர் தூர தேசங்களில் யாரோ ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே ஓர் அமாபிலியா கிடைக்கவேண்டுமென்று மன்றாடுகிறோம் அல்லவா? அப்படியானால் இங்கே வந்திருக்கிறவர்களுக்கு நாம் யார்? வருகிற ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டுச் சோற்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு அந்தக் கதவண்டை போவோம். பாஷை தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். லாசரெத்து வேலிக்கு வெளியே வந்து நின்றவர்களுக்கும் கைக்கெட்டாத தூரந்தான் இருந்தது. ஆனாலும் வந்து நின்றார்கள்.

அர்ச். எலிசபெத் சேட்டன் அம்மாளே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.