ஆழ்வாருக்காக ஊரை விட்டுப் புறப்பட்ட பெருமாள்!

மூங்கில் புதரின் அடியில் ஒரு குழந்தை கிடந்தது. பெற்றவர்கள் அதை விட்டுப் போய்விட்டார்கள்.

பிரம்பு வெட்ட வந்தான் திருவாளன் என்ற தொழிலாளி. குழந்தையை வாரி எடுத்தான். வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவி பங்கயச்செல்வியின் கையில் கொடுத்தான்.

அந்தக் குழந்தைதான் திருமழிசை ஆழ்வார். பூந்தமல்லியை அடுத்த திருமழிசை அவர் பிறந்த ஊர். அவர் 7-ம் நூற்றாண்டில், காஞ்சியைப் பல்லவர்கள் ஆண்ட காலத்தில் வாழ்ந்தவர் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். அவருடைய கதையை வைணவ நூல்கள் சொல்கின்றன.

குழந்தை பால் குடிக்க மறுத்தது. வயதான தம்பதி இருவர் அன்போடு பால் கொண்டு வந்தார்கள். அதைக் குடித்தது. மிச்சப் பாலை அவர்கள் அருந்தினார்கள். முதுமை நீங்கி, ஓர் ஆண் மகனைப் பெற்றார்கள். அவன் பெயர் கணிகண்ணன். வளர்ந்ததும் ஆழ்வாருக்குச் சீடனானான்.

காஞ்சியில்...

ஆழ்வார் பல சமய நூல்களையும் கற்றார். முடிவில் பேயாழ்வாரிடம் உபதேசம் பெற்று, திருமாலின் அடியார் ஆனார். பிறகு காஞ்சிபுரம் வந்து, திருவெஃகா கோவிலில் தங்கினார்.

அந்தக் கோவிலைப் பெருக்கி மெழுகி வந்தாள் ஒரு கிழவி. ஆழ்வார் அருளால் அவள் குமரி ஆனாள். அவளைப் பல்லவ மன்னன் மணந்துகொண்டான். ஆண்டுகள் சென்றன. மன்னனுக்கு நரை விழுந்தது. ராணியின் இளமையோ மாறவில்லை.

தனக்கும் இளமை வேண்டும் என்று மன்னன் ஆசைப்பட்டான். ஆழ்வாரை அழைத்து வரும்படி கணிகண்ணனிடம் சொன்னான். ஆழ்வார் யார் வாசலுக்கும் வரமாட்டார் என்றான் கணிகண்ணன். அப்படியானால் நீயாவது என்னைப் புகழ்ந்து பாடு என்றான் மன்னன். மனிதரைப் பாடமாட்டேன் என்று மறுத்தான் சீடன். மன்னனுக்குக் கோபம் பொங்கியது. ஊரை விட்டுப் போகும்படி உத்தரவிட்டான்.

ஊர் இருண்டது

சீடன் இல்லாத ஊரில் ஆழ்வார் இருப்பாரா? அவரும் கிளம்பினார். பெருமாளையும் தம்மோடு வந்துவிடும்படி பாடினார். பாம்புப் படுக்கையைப் பாய்போல் சுருட்டிக்கொண்டு பெருமாளும் பின்னே நடந்தார்!

காஞ்சி இருண்டது. மன்னன் பதறிப்போய் ஓடினான். கணிகண்ணனின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டான். மூவரும் திரும்பினார்கள். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடமே ஓரிருக்கை. இன்று அதை ஓரிக்கை என்கிறார்கள். திருவெஃகா பெருமாளுக்கு, சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்பது பெயர்.

கறுப்பு நெல்

பிறகு ஆழ்வார் கும்பகோணத்துக்குப் புறப்பட்டார். வழியில் பெரும்புலியூரில் ஒரு திண்ணையில் உட்கார்ந்தார். அங்கே வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள், இவர் காதில் விழக்கூடாது என்று நிறுத்திக்கொண்டார்கள். ஆழ்வார் எழுந்து விலகினார். மறுபடி ஓதத் தொடங்கியபோது, விட்ட இடம் அவர்களுக்கு மறந்துபோயிற்று!

ஆழ்வார் ஒன்றும் பேசவில்லை. ஒரு கறுப்பு நெல்லை எடுத்து நகத்தால் பிளந்து காட்டினார். மறந்துபோன வேத வாக்கியத்தின் பொருள் அதுவே. அவர்கள் வெட்கப்பட்டு வணங்கினார்கள்.

இப்படி ஒதுக்கப்பட்டதை அவர் மறைக்கவில்லை. நான்கு குலத்தில் ஒன்றிலும் தாம் பிறக்கவில்லை என்று தம் பாட்டிலேயே வெளிப்படையாகச் சொன்னார். பெருமாளின் திருவடியே தம் புகலிடம் என்றார்.

கும்பகோணத்தில் பள்ளிகொண்ட பெருமாளை, எழுந்து பேசும்படி வேண்டிப் பாடினார். பெருமாள் தலை தூக்கினார் என்பது ஐதீகம். அந்த ஊரிலேயே ஆழ்வார் முக்தி அடைந்தார்.

நான்முகன் திருவந்தாதி, திருச்சந்த விருத்தம் என்ற அவருடைய இரு நூல்களும் நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தில் உள்ளன. வைணவக் கோவில்களில் இன்றும் அவற்றை ஓதுகிறார்கள்.

புதரடியில் அநாதையாகக் கிடந்தது அந்தக் குழந்தை. இன்று திருமழிசை, காஞ்சி, கும்பகோணம் என்று மூன்று ஊர்கள் அவரைத் தங்கள் பிள்ளை என்று சொந்தம் கொண்டாடுகின்றன.