மதுவிலக்குக் கண்ட மூதறிஞர்

கள்ளுண்டலின் கேட்டைத் தமிழ்ச் சான்றோர் பண்டே உணர்ந்திருந்தனர். திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரமே வகுத்து அதனைக் கடிந்தார். அறநூல் கூறிய அவ்வறத்தை அரசின் சட்டமாக்கி, ஒரு மாவட்டத்தில் நடத்திப் பார்த்து, அதன் பயனை நாடறியச் செய்தவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். இராஜாஜி என மக்கள் அன்புடன் அழைத்த அப்பெருமகனார் நாட்டுக்கு ஆற்றிய தொண்டுகள் பல. அவற்றுள் மதுவிலக்குத் தொண்டு அவருடைய இறுதி நாள் வரை இடையறாது நிகழ்ந்ததாகும்.

பிறப்பும் கல்வியும்

இராஜாஜி 1878 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10 ஆம் நாள் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. ஓசூரிலும் பெங்களூரிலும் பயின்ற பின்னர்ச் சென்னையில் சட்டக் கல்வியை முடித்து, 1900 ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். கூரிய அறிவும் சொல்வன்மையும் உடையவராதலின், விரைவில் பெரும்பொருளும் பெரும்புகழும் எய்தினார். 1917 ஆம் ஆண்டில் சேலம் நகரசபையின் தலைவரானார். காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கியபோது, வருவாய் மிக்க தம் தொழிலைத் துறந்து நாட்டுத் தொண்டில் இறங்கினார், சிறைவாசமும் ஏற்றார்.

ஆசிரம வாழ்க்கை

1925 ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஒன்றை நிறுவிச் சிறு குடிலில் குடியேறினார். சுற்றியிருந்த ஊர்கள் மழை பொய்த்தால் வாடும் ஊர்கள். அங்கு வாழ்ந்த ஏழை மக்களுள் பலர் பகலெல்லாம் உழைத்துப் பெற்ற கூலியை மாலையில் கள்ளுக்கடையில் இழந்தனர். மனைவியும் மக்களும் பசித்திருந்தனர். குடியின் கேடு குடிப்பவனோடு நில்லாது குடும்பம் முழுவதையும் பற்றும் என்பதை இராஜாஜி அங்கு அண்மையிலிருந்து கண்டார். நூற்றலும் நெய்தலும் கற்பித்து வருவாய்க்கு வழி செய்தல், தீண்டாமையை ஒழித்தல், குடியை விடச் செய்தல் ஆகிய மூன்றும் அவ்வாசிரமத்தின் தலையாய பணிகளாயின.

எழுத்தறிந்தாரிடத்தும் இக்கருத்தைப் பரப்ப விரும்பி, 1929 ஆம் ஆண்டில் விமோசனம் என்னும் திங்களிதழைத் தொடங்கினார். பின்னாளில் கல்கி எனப் புகழ்பெற்ற கிருஷ்ணமூர்த்தி அதற்குத் துணை நின்றார். வறண்ட அறிவுரைகளை மட்டும் கூறாமல், கதைகளாலும் படங்களாலும் மதுவின் தீமையை விளக்கியது அவ்விதழ்.

சேலத்தில் நடந்த சோதனை

1937 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். அந்நாளில் மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கள், சாராயம் முதலியவற்றால் கிடைத்தது. அவ்வருவாயை இழந்தால் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் எவ்வாறு நடத்துவது எனப் பலர் வினவினர். ஏழையின் வாய்ச்சோற்றைப் பறித்துப் பெறும் பொருள் அரசுக்கு உண்மை வருவாய் ஆகாது என்பது இராஜாஜியின் துணிபு.

எனினும் அவர் மாகாணம் முழுவதிலும் ஒரே நாளில் சட்டத்தைப் புகுத்தவில்லை. தாம் நன்கறிந்த சேலம் மாவட்டத்தை முதற்கண் தேர்ந்தெடுத்தார். 1937 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் அங்கிருந்த மதுக்கடைகள் மூடப்பட்டன. மதுவோடு மயக்கம் தரும் பிற பொருள்களையும் அச்சட்டம் தடுத்தது. குடித்துக் கழித்த மாலைப்பொழுது வெறுமையானால் பழைய பழக்கம் மீளுமன்றோ? ஆதலின் விளையாட்டு, பசனை, தேநீர்க்கடை முதலியன ஊர்தோறும் ஊக்குவிக்கப்பட்டன.

பின்னர்ப் பொருளியல் அறிஞர்கள் அம்மாவட்டத்துக் குடும்பங்களின் வரவு செலவுகளை ஆராய்ந்தனர். முன்பு மதுவுக்குச் சென்ற பணம் உணவாகவும் உடையாகவும் மாறியிருந்தது, பல வீடுகளில் கடன் குறைந்திருந்தது, பூசல்கள் தணிந்திருந்தன. இப்பயனைக் கண்ட பின்னரே 1938 இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939 இல் வடஆர்க்காட்டுக்கும் மதுவிலக்கு விரிந்தது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939 இல் விற்பனை வரியை அவர் கொணர்ந்தார். இன்னா செய்யும் வருவாயை விடுக்கத் துணிந்தவர், அதற்கு மாற்றும் தேடிவைத்தார்.

மாகாணம் முழுவதும்

1939 இறுதியில் அமைச்சரவை விலகியது. போர்க்காலத்து ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. போர் முடிந்தபின் அது மீண்டும் உயிர்பெற்று, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராயிருந்தபோது, 1948 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் மாகாணம் முழுவதும் நிறைவெய்தியது. பச்சைமலைக்கு வடபுறம் சேலத்து ஆத்தூர்ப் பகுதியில் தொடங்கிய அறம், மலைக்கு இப்புறத்துப் பெரம்பலூரையும் அரியலூரையும் உள்ளடக்கிய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திற்கும் உரியதாயிற்று. இவ்விரண்டும் வானம் பார்த்த புன்செய் நிலம் மிகுந்த பகுதிகள். கூலியை மதுவுக்கு இழவாமை இங்குள்ளார்க்கு எத்துணை இன்றியமையாதது என்பது சொல்லாமலே விளங்கும்.

கள்ளிறக்கிப் பிழைத்தோர்க்குப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சும் தொழில் காட்டப்பட்டது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பனஞ்சாறு புளிக்காமல் பதநீராகும். தடவாவிடின் அதுவே சில நாழிகைகளில் கள்ளாகும். மரமும் ஒன்றே, சாறும் ஒன்றே. சுண்ணாம்பால் விளைவு வேறாகின்றது.

இறுதி முயற்சி

1971 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மதுவிலக்கைத் தளர்த்த எண்ணியது. அப்பொழுது இராஜாஜிக்கு வயது 92. தள்ளாமையைப் பொருட்படுத்தாது, முதலமைச்சரின் இல்லத்திற்குத் தாமே சென்று, அதனைக் கைவிட வேண்டாமென இரந்து கேட்டுக்கொண்டார். தமக்கென ஒன்றும் வேண்டாத முதியவர் ஏழைக் குடும்பங்களுக்காக இரந்தார். வேண்டுகோள் நிறைவேறவில்லை, அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 1972 டிசம்பர் 25 ஆம் நாள் இராஜாஜி இயற்கை எய்தினார். 1974 இல் மதுவிலக்கு திரும்பி வந்ததை அவர் காணவில்லை. அதுவும் 1981 இல் மீண்டும் நீங்கியது.

கற்கத்தக்கவை

சட்டம் கடையை அடைக்கும். பழக்கத்திற்கு அடிமையான உடலைச் சட்டம் மட்டும் குணப்படுத்தாது. காவல் தளர்ந்த இடங்களில் கள்ளச்சாராயம் புகுந்து உயிர்களைக் கொள்ளை கொண்டதும் உண்டு. குடிக்கு அடிமையாதல் ஒரு நோய் என்று இக்கால மருத்துவம் கூறுகின்றது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் தோன்றக்கூடும். ஆதலின் மருத்துவர் துணையோடு விடுதலே நலம். விலையை உயர்த்தலும், எளிதில் கிட்டாமல் செய்தலும், விளம்பரத்தைத் தடுத்தலும் மது, புகையிலை இரண்டின் பயன்பாட்டையும் குறைக்கும் என்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. பதினெட்டு வயது நிரம்பாதவர்க்குப் புகையிலை விற்பதை 2003 ஆம் ஆண்டின் சட்டம் தடுத்துள்ளது.

தீமையைக் கண்டு கடிந்ததோடு இராஜாஜி அமையவில்லை. ஓரிடத்தில் செய்து பார்த்தார்; பயனை அளந்தார்; இழப்பிற்கு மாற்றுத் தேடினார்; அதன்பின் விரித்தார். முதற்குவளையையும் முதற்புகையையும் மறுக்கும் உறுதியை இளமையிலேயே பெறுவோர், அப்பெருமகனார் விட்டுச் சென்ற பணியைத் தொடர்பவராவர்.