ஜெனரல் ஷா நவாஸ் கான்

உண்ட உப்பை மறக்கலாகாது என்பது போர்வீரனுக்கு நம் முன்னோர் வகுத்த அறம். அவ்வறத்திலேயே வளர்ந்த ஒருவர், தமக்கு உப்பிட்டது அந்நிய மன்னரா, பிறந்த மண்ணா என்று தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அவரே ஷா நவாஸ் கான்.

1914-ம் ஆண்டில் ராவல்பிண்டி ஜில்லாவிலுள்ள மட்டோர் கிராமத்தில் அவர் பிறந்தார். தந்தையார் முப்பது ஆண்டுகள் ராணுவத்தில் பணிபுரிந்தவர். குலத்தில் உடல் வலிமை வாய்ந்த ஆடவர் யாவரும் படையில் சேருவதே வழக்கம். ஷா நவாஸும் டேராடூன் ராணுவக் கல்லூரியில் பயின்று, 14-வது பஞ்சாப் ரெஜிமெண்டில் அதிகாரியானார். மன்னரிடம் விசுவாசம் என்பதைத் தவிர வேறு அரசியல் அவர் அறியார்.

1942 ஜனவரி இறுதியில் அவர் சிங்கப்பூர் சேர்ந்தார். பிப்ரவரி 15-ந் தேதி அந்நகரம் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாட்களுக்குப் பின், இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயரிடமிருந்து தனியே பிரிக்கப்பட்டு, ஃபாரர் பார்க் மைதானத்தில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். காப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்தை அமைக்க முற்பட்டபோது ஷா நவாஸ் அதை எதிர்த்தார். ஜப்பானியரிடம் அவருக்கு நம்பிக்கை இல்லை. பின்னர் அதில் சேர்ந்ததும், தம் வீரர்களைக் காக்கவும், அப்படை ஜப்பானியரின் சுயநலத்திற்குக் கருவியாகாமல் உள்ளிருந்தே தடுக்கவுமே. 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்ற பின்னரே அவர் மனம் முழுதும் மாறிற்று. எதிர்ப்படையில் தம் உறவினரே நிற்கக்கூடும் என்று அறிந்தும் தேசத்தின் பக்கமே நின்றார்.

மலேயா ரப்பர் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த ராணுவம் அது. அதன் சுபாஷ் படைப்பிரிவை 1944-ல் பர்மாவின் மலைகளுக்கு நடத்திச் சென்றவர் ஷா நவாஸ். உணவும் மருந்தும் குன்றின; மலேரியா வாட்டியது. 1945 மே மாதத்தில் அவர் சிறைப்பட்டார்.

அவ்வாண்டு நவம்பர் 5-ந் தேதி டில்லிச் செங்கோட்டையில் ராணுவ விசாரணை தொடங்கியது. ஷா நவாஸ், பிரேம் சகல், குர்பக்ஷ் சிங் தில்லான் என, ஒரு முஸ்லிமும் ஒரு ஹிந்துவும் ஒரு சீக்கியரும் கூண்டில் ஒன்றாக நின்றனர். மன்னருக்கெதிராகப் போர் தொடுத்ததே பிரதானக் குற்றச்சாட்டு. புலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடினார். தேசமே கொதித்தெழுந்தது. மூவருக்கும் ஆயுள் பரியந்தம் தீவாந்தர சிட்சை விதிக்கப்பட்டும், 1946 ஜனவரி 3-ந் தேதி தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அதை நீக்கி அவர்களை விடுவித்தார்.

விடுதலையோடு அவர் சோதனை முடிந்துவிடவில்லை. 1947-ல் தேசம் பிரிந்தபோது பிறந்த ஊர் பாகிஸ்தானுக்குச் சென்றது. அவர் இந்தியாவிலேயே தங்கினார். மீரட் மக்கள் அவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். 1952-ல் ரயில்வேத் துணை அமைச்சராகி, நம் ரயில்வேக் குடும்பத்தின் தலைவர்களுள் ஒருவராகவும் விளங்கினார். 1983-ல் காலமானார்.

கட்சி மாறியவர் என்று அவரை எளிதில் சொல்லிவிடலாம். மாறியவர் பெற்றது என்ன என்று பார்த்தால் உண்மை விளங்கும். உத்தியோகத்தையும், உறவையும், இறுதியில் சொந்த ஊரையும் அவர் இழந்தார். பிழைப்பிற்காக ஊரைவிட்டு வந்த நாம், செங்கோட்டையை நம் குழந்தைகளுக்குக் காட்டும்போது, தேசத்திற்காக ஊரை இழந்த இவரையும் சொல்லிவைப்போமாக.