கிளாட்ஸ்தன் துரைமகனார் சரித்திரச் சுருக்கம்

கொண்ட கட்சியை விடுத்து மாற்றுக் கட்சியிற் புகுந்தாரை உலகம் ஐயுற்று நோக்குதல் இயல்பே. பதவி கருதி மாறுவோர் பலராதலின் அவ்வையம் பெரும்பாலும் பொருந்துவதேயாம். ஆயினும், மாறியவர் அம்மாற்றத்தாற் பெற்றது யாது, இழந்தது யாது என ஆராயாது பழித்தல் முறையன்று. இங்கிலாந்திலே நான்கு முறை பிரதம மந்திரியாய் விளங்கிய வில்லியம் கிளாட்ஸ்தன் துரைமகனார் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாம்.

இவர் 1809ஆம் ஆண்டு டிசெம்பர் 29ந் திகதி இலிவர்ப்பூல் நகரிலே பெருவணிகர் ஒருவருக்கு மகனாராய்ப் பிறந்தார். ஒக்ஸ்போட் சர்வகலாசாலையிலே பண்டை மொழிகளிலும் கணிதத்திலும் முதல் வகுப்பிற் சித்தியெய்தி, 1832இல் நியூகாசில் கோமகனாரின் ஆதரவுடன் நியூவார்க் தொகுதிக்குத் தோரிக் கட்சிப் பிரதிநிதியானார். தெமராராவிலே அடிமைகளைக் கொண்டு தோட்டம் நடத்திய தந்தையாருக்காக இவர் அக்காலத்திற் சபையிலே வாதாடியமை இவர் வாழ்விற்கு ஒரு மாசேயாம்.

அரசானது இங்கிலாந்துத் திருச்சபையையே மெய்ச் சமயமாகக் கொண்டு பேணல் வேண்டுமென 1838இல் நூலொன்று வெளியிட்டார். 1845இல் இவர் மந்திரியாயிருந்தபொழுது, முதன் மந்திரியாகிய பீல் என்பவர், அயர்லாந்திலே உரோமன் கத்தோலிக்கக் குருமாரைப் பயிற்றும் மேனூத் கல்லூரிக்கு நன்கொடையை உயர்த்தத் துணிந்தார். அது நீதியென்றே இவருக்கும் அப்பொழுது தோன்றிற்று. ஆயின், முன் எழுதியதற்கு மாறானதைப் பதவியிலிருந்துகொண்டே ஆதரித்தால், பதவிக்காகவே கருத்தை மாற்றினார் என உலகம் கருதுமன்றோ? ஆதலின் முதலிலே பதவியைத் துறந்து, பின்னரே அந்நன்கொடைக்குச் சார்பாக வாக்களித்தார். நண்பர் பலருக்கு இச்செயல் விளங்கவில்லை.

அவ்வாண்டிறுதியில் மீண்டும் மந்திரியாகித் தானியச் சட்ட நீக்கத்தை ஆதரித்தமையாற் கோமகனாரின் ஆதரவையும் நியூவார்க் தொகுதியையும் இழந்தார். 1846இல் அச்சட்டம் நீங்கக் கட்சியும் பிளவுபட்டது. பீலைப் பின்பற்றிய சிறு குழுவினருடன் நின்ற இவரை 1847இல் ஒக்ஸ்போட் சர்வகலாசாலை தன் பிரதிநிதியாகத் தெரிந்தது. 1859இலே, தெர்பி பிரபுவின் மந்திரிசபைக்கு வாக்களித்துச் சின்னாட்களில், அதனை வீழ்த்திய பாமேஸ்தன் பிரபுவின் இலிபரல் மந்திரிசபையிற் பதவியேற்றார். இதனைப் பலர் இகழ்ந்தனர். இகழ்தற்கு இடமும் இருந்தது. 1865இல் ஒக்ஸ்போட் இவரைக் கைவிட்டது.

1868இற் பிரதம மந்திரியாகி, மறு ஆண்டில் அயர்லாந்துத் திருச்சபைக்கிருந்த அரசுரிமையை நீக்கினார். இது தம் பழைய நூலுக்கு நேர்மாறானதென்பதை மறையாது, தம் கருத்து மாறிய வரலாற்றைத் தாமே சிறு நூலாக எழுதி வெளியிட்டார். 1886இல் அயர்லாந்துக்குச் சுயவாட்சி வழங்கும் மசோதாவைக் கொணர்ந்தபொழுது, சொந்தக் கட்சியார் 93 பேர் எதிர்த்து வாக்களிக்க, 313க்கு 343 வாக்குகளால் மசோதா தோற்றது, ஆட்சியும் போயிற்று. 1893இல் மீண்டும் கொணர்ந்ததைப் பிரபுக்கள் சபை தள்ளிற்று. 1898ஆம் ஆண்டு மே மாதம் 19ந் திகதி இவர் காலமாயினார்.

தொகுதி, நட்பு, ஆட்சி என்பன இவர் கொடுத்த விலையாம். சரித்திர பாடம் புகட்டும் ஆசிரியர்கள், கட்சி மாறினார் என்னும் ஒரு சொல்லோடு அமையாது, கொடுத்த விலை யாதென வினாவவும் மாணாக்கரைப் பழக்குவாராக.