பறவையறிஞர் சலீம் அலி

கோட்டக்குப்பத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்றால், மரக்காணத்தை அடுத்து மேற்றிசையில் கழுவேலி என்னும் பெரிய நீர்ப்பரப்பு உள்ளது. குளிர்காலத்தில் தொலைநாட்டுப் பறவைகள் ஆயிரக்கணக்கில் அங்கு வந்து தங்கும். 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. நீர்நிலையை நம்பிப் பறவைகளும் வாழ்கின்றன; உழவரும் ஆயரும் வாழ்கின்றனர். இவ்விரு சாராருக்கும் சட்டம் எவ்வாறு இடம் வகுத்தல் வேண்டும் என்னும் வினா எளியதன்று. அவ்வினாவை வடநாட்டு ஏரி ஒன்றில் எதிர்கொண்டவர் சலீம் அலி.

அவர் 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்தார். பேசும் பருவத்திலேயே பெற்றோர் இருவரையும் இழந்து, தாய்மாமன் இல்லத்தில் வளர்ந்தார். பத்து வயதளவில் சிறு துப்பாக்கியால் ஒரு சிட்டினை வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு வியந்து, மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அதனை எடுத்துச் சென்றார். கழகச் செயலாளர் மில்லார்டு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை அச்சிறுவனுக்கு அன்போடு காட்டினார். வேட்டையே அவரை அறிவின் வாயிலுக்கு அழைத்துச் சென்றது விந்தையே.

பர்மாவில் செய்த தொழில் நிலைக்கவில்லை. பட்டம் இன்மையால் அரசின் விலங்கியல் துறையிலும் பணி கிட்டவில்லை. பெர்லின் சென்று பேராசிரியர் ஸ்டிரெசமனிடம் பறவையியல் பயின்று 1930இல் திரும்பியபோது, முன்பு வகித்த பணியும் இல்லாது போயிற்று. எனினும் கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவியின் வாழ்வை ஆராய்ந்தார். துணைவியார் தெகுமினா 1939இல் மறைந்தார். ஈராண்டு கழித்து, இந்தியப் பறவைகளைப் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் வெளிவந்தது.

இராசத்தானத்தில் பரத்பூர் மன்னர்கள், தாழ்நிலத்தில் நீர் தேக்கி வாத்து வேட்டைக்கென ஓர் ஏரியை அமைத்திருந்தனர். 1938இல் ஒரே நாளில் அங்கு 4,273 பறவைகள் சுடப்பட்டன. நாடு விடுதலை பெற்றபின், ஏரியை வற்றச் செய்து உழவுக்கு விடுக என்னும் கோரிக்கை எழுந்தது. உணவுப் பஞ்சம் நிலவிய அக்காலத்தில் அது நியாயமற்ற கோரிக்கை அன்று. ஆயினும் சலீம் அலி பிரதமர் நேருவிடம் முறையிட்டார், ஏரி பிழைத்தது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்தில் கால்நடை மேய்ச்சலை ஒழுங்குபடுத்தி இசையலாம். தேசியப் பூங்காவிலோ மேய்ச்சல் அறவே கூடாது. பரத்பூர் ஏரி 1982இல் தேசியப் பூங்கா ஆயிற்று. சலீம் அலியும் மேய்ச்சலைத் தடுத்தலே தக்கது எனக் கருதினார். தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த ஊரார் அவ்வாண்டு நவம்பரில் தடையை எதிர்த்துத் திரண்டனர். காவலர் சுட்டதில் சிலர் உயிரிழந்தனர். பறவைகளைக் காக்க எழுந்த சட்டத்தின் பேரால் மனித உயிர்கள் போயின.

சலீம் அலி சார்ந்திருந்த கழகத்தாரே அவ்வேரியைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தனர். எருமைகள் நீங்கிய பின், அவை மேய்ந்து அடக்கி வைத்திருந்த புல் தடையின்றிப் படர்ந்து, தெளிந்த நீரை மூடியது. நீர்ப்பறவைகளுக்கு இடம் குறைந்தது. எருமையும் அவ்வேரியின் ஓர் அங்கமே என அவ்வாராய்ச்சி காட்டிற்று. தம் ஆய்வு தம் கருத்துக்கே மாறாக முடிந்ததைக் கழகத்தார் மறைத்திலர். அம்முடிவு முழுமையாக வெளிவருமுன்னரே, 1987ஆம் ஆண்டு சூன் திங்களில் சலீம் அலி காலமானார்.

பின்னர், ஊரார் பூங்காவினுள் சென்று புல்லறுத்து எடுத்துச்செல்ல அதிகாரிகள் இசைவு தந்தனர்.