பக்தாதை நீங்கிய பேராசான்

தீயதை விட்டு நல்லதை நாடியோர் வரலாறுகள் நம்மிடம் நிரம்ப உண்டு. ஃபுளைல் இப்னு இயாழ் (ரஹ்) வழிப்பறியை விட்டார் என்றும், இப்ராஹீம் இப்னு அத்ஹம் (ரஹ்) பல்கு நாட்டு அரியணையைத் துறந்தார் என்றும் வாழையடி வாழையாகக் கேட்டு வருகிறோம். அவற்றைக் கேட்கும்போது நமக்கு வியப்பு எழுகிறதே ஒழிய அச்சம் எழுவதில்லை. நாம் கொள்ளையரும் அல்லோம், மன்னரும் அல்லோம். ஆனால் மார்க்கக் கல்வி கற்பிக்கும் பணியை, ஊரும் உலகும் புண்ணியம் என்று போற்றிய ஒரு பதவியை, இறைவனுக்காகவே விட்டுச் சென்ற ஒருவரின் வரலாறு கற்பிப்போரையும் கற்போரையும் நேரே தொடுவதாகும். அவரே ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

இன்றைய ஈரானின் வடகிழக்கே, குராசானைச் சேர்ந்த தூஸ் நகரில் கி.பி. 1058இல் (ஹிஜ்ரி 450) அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் கம்பளி நூற்று விற்று வாழ்ந்த எளியவர் என்பர். தம் மறைவுக்குப் பின் முஹம்மது, அஹ்மது என்னும் தம் இரு புதல்வர்களையும் படிக்க வைக்குமாறு சூஃபி நண்பர் ஒருவரிடம் சிறு தொகையுடன் ஒப்படைத்துச் சென்றார். தொகை தீர்ந்தது, நண்பரோ வறியவர். மதரஸாவில் சேர்ந்தால் உணவும் உறைவிடமும் கிடைக்கும் என்று கூறி அவர் இருவரையும் அனுப்பி வைத்தார். கல்வியை அன்று இறைவனுக்காக நாடவில்லை என்றும், கல்விதான் இறைவனுக்கன்றி வேறெதற்கும் உரியதாக இருக்க மறுத்துவிட்டது என்றும் இமாமவர்கள் பின்னாளில் இதனை நினைவுகூர்ந்தார்கள். விடுதிச் சோற்றையும் உதவித் தொகையையும் எண்ணிக் கல்லூரி வாயிலை மிதித்த நம் மாணவர்கள் எவரும் இதற்காக நாணவேண்டியதில்லை.

தூஸிலும் ஜுர்ஜானிலும் தொடங்கிய கல்வி நைசாப்பூரில் முதிர்ந்தது. அங்கே இமாமுல் ஹரமைன் அல் ஜுவைனி (ரஹ்) அவர்களின் மாணவராக, 1085இல் அவ்வாசான் மறையும்வரை இருந்தார்கள். பின்னர் செல்ஜூக்கியப் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் அவையை அடைந்து அறிஞர்களிடையே பெயர் பெற்றார்கள். 1091இல் அவ்வமைச்சர் அவர்களைப் பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் பேராசிரியராக அமர்த்தினார். அப்போது வயது முப்பத்து மூன்று.

அப்பதவியின் உயரத்தை இன்று நாம் எளிதில் உணர முடியாது. 1067இல் திறக்கப்பட்ட நிஜாமிய்யா ஷாஃபிஈ மத்ஹபின் தலையாய கல்விக்கூடம். ஏறத்தாழ 300 மாணவர்கள் இமாமவர்கள் முன் அமர்ந்து பாடம் கேட்டனர். கலீஃபா அல் முஸ்தழ்ஹிர் வேண்டியதற்கிணங்கப் பாத்தினிய்யாக்களை மறுத்து நூல் எழுதினார்கள். கிரேக்க மெய்யியலை முறையாகக் கற்று, அதன் வழிவந்தோரை மறுத்த தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா 1095இன் தொடக்கத்தில் நிறைவுற்றது. அவர்களுடைய ஆடம்பரமும் செல்வாக்கும் அமைச்சர்களுடையவற்றையும் விஞ்சி நின்றதாக, அவர்களை அறிந்திருந்த அப்துல் ஃகாஃபிர் அல் ஃபாரிஸீ எழுதி வைத்துள்ளார். ஒரு தமிழ்க் குடும்பத்துத் தாய் தகப்பன் தம் பிள்ளைக்கு என்னென்ன வேண்டுவார்களோ அவையனைத்தும் அங்கிருந்தன: நிலையான வருவாய், நல்ல பெயர், அத்துடன் மறுமைக்கும் நற்கூலி கிடைக்கும் என்னும் ஆறுதல்.

அந்த ஆறுதலைத்தான் இமாமவர்கள் ஐயுற்றார்கள். சூஃபிகளின் நூல்களைப் படித்துவிட்டுத் தம்மையே சோதித்தபோது, தம் செயல்களில் மிகச் சிறந்ததெனக் கருதிய கற்பித்தலே புகழை நோக்கி நடைபெறுவதைக் கண்டார்கள். சரியும் மணற்கரையின் விளிம்பில் நிற்பதாக உணர்ந்தார்கள். ஒருநாள் புறப்படத் துணிவார்கள்; மறுநாள் துணிவு தளரும். காலையில் மறுமையின் நாட்டம் மேலோங்கும். மாலையில் பதவியின் சுகம் அதைக் கலைத்துவிடும். 1095 ஜூலையில் (ஹிஜ்ரி 488 ரஜப்) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் இந்நிலை நீடித்ததாக அவர்களே குறித்துள்ளார்கள்.

பின்னர் நா அடைத்துக்கொண்டது. தம்மை நாடி வந்த மாணவர்களின் மனம் மகிழ ஒருநாளேனும் பாடம் நடத்த முயன்றார்கள். ஒரு சொல்லும் வெளிவரவில்லை. வாதங்களில் வல்லாரையெல்லாம் வாயடைக்கச் செய்த நாவுக்கு நேர்ந்த நிலை இது! துயரம் உள்ளத்தில் இறங்கியது, உணவு செல்லவில்லை, ஒரு மிடறு நீரும் செரிக்கவில்லை. நோய் உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவியது, உள்ளம் அமைதியுறாமல் மருந்து பயனளிக்காது என்று கூறி மருத்துவர்கள் கைவிரித்தனர். இனித் தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று கண்டு இறைவனிடம் முறையிட்டார்கள். அதன்பின் பதவியையும் பொருளையும் விடுவது தமக்கு எளிதாக்கப்பட்டது என்கிறார்கள்.

1095 நவம்பரில் மக்காவுக்குச் செல்வதாக அறிவித்துவிட்டு, ஷாம் நாட்டை மனத்திற்கொண்டு புறப்பட்டார்கள். உண்மையைக் கூறினால் கலீஃபாவும் தோழர்களும் தடுப்பார்கள் என்பதே இம்மறைப்புக்குக் காரணம். இதனைப் பின்னர்த் தம் அல் முன்கித் மினழ் ழலால் என்னும் நூலில் மறைக்காமல் எழுதியும் விட்டார்கள். செல்வத்தைப் பகிர்ந்தளித்தபோது தமக்கும் பிள்ளைகளின் வாழ்வுக்கும் போதுமானதை ஒதுக்கி வைத்தார்கள். இறைவழியில் செல்வதாகக் கூறி மனைவி மக்களைத் தெருவில் விடுவோர் இவ்விடத்தை இருமுறை படித்தல் நலம். மதரஸாவில் இளவல் அஹ்மது கஸ்ஸாலி பாடம் நடத்தினார்.

பக்தாத் திகைத்தது. மார்க்கத்தில் அதைவிட உயர்ந்த இடம் உண்டென்று அங்கிருந்த அறிஞர்கள் நினைக்கவே இல்லை. ஆகவே மார்க்கத்துக்காக ஒருவர் அதை விடுவார் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. ஆட்சியாளருக்கு அஞ்சி ஓடினார் என்று தொலைவிலிருந்தோர் ஊகித்தனர். இக்கால ஆய்வாளர் சிலரும் அரசியற் காரணங்களைத் தேடுகின்றனர். 1092இல் நிஜாமுல் முல்க் கொலையுண்டதும், அடுத்த மாதமே சுல்தான் மலிக்ஷா இறந்ததும், அரியணைப் போர் மூண்டதும் உண்மையே. அச்சம் ஓரளவு இருந்திருக்கலாம். ஆனால் அஞ்சியவர் வேறோர் அரசரிடம் அடைக்கலம் தேடியிருப்பார். இமாமவர்கள் சென்ற இடம் திமிஷ்க் நகரின் உமையாப் பள்ளிவாசல். அதன் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகலெல்லாம் தனித்திருந்தார்கள்.

பைத்துல் முகத்தஸுக்கும், பின்னர் நபி இப்ராஹீம் (அலை) அடங்கியுள்ள கலீல் நகருக்கும் சென்றார்கள். அங்கே மூன்று உறுதிகள் பூண்டார்கள்: அரசர் அவைக்குச் செல்வதில்லை, அரசர் பொருளைப் பெறுவதில்லை, வாதமேடை ஏறுவதில்லை. 1096இல் ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். பின்னர்ப் பிள்ளைகளின் அழைப்பு அவர்களை ஊருக்கு இழுத்தது. குடும்பக் கவலைகள் தனிமையைக் குலைத்தன என்றும், தூய நிலை அவ்வப்போதுதான் வாய்த்தது என்றும் ஒளிக்காமல் எழுதுகிறார்கள். இந்த ஆண்டுகளில் உருவானதே இஹ்யா உலூமித்தீன். நாற்பது பகுதிகளைக் கொண்ட அப்பெருநூல் கல்வியைப் பற்றிய பகுதியுடன் தொடங்குவதும், அதில் உலகை நாடும் உலமாக்கள் கடுமையாகக் கண்டிக்கப்படுவதும் தற்செயல் ஆகா. நம் இல்லங்களில் தமிழில் சிறு சிறு நூல்களாகக் காணப்படுபவற்றுள் சில இப்பெருநூலின் பகுதிகளே.

1106இல் அமைச்சர் ஃபக்ருல் முல்க்கின் வற்புறுத்தலால் நைசாப்பூர் நிஜாமிய்யாவில் மீண்டும் பாடம் நடத்த இசைந்தார்கள். பக்தாதை நீங்கி 11 ஆண்டுகள் கடந்திருந்தன. கலீலில் பூண்ட உறுதி என்னாயிற்று என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே, அமைச்சரின் ஆணைக்கு உடன்பட்டது அவ்வுறுதியை உரசத்தான் செய்கிறது. இமாமவர்களோ தாம் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்கிறார்கள். அன்று பதவியைத் தேடித் தரும் கல்வியைச் சொல்லாலும் செயலாலும் பரப்பியதாகவும், இப்போது பதவியை விடச் செய்யும் கல்வியின்பால் அழைப்பதாகவும் அவர்கள் விளக்கம் தருகிறார்கள். அதே பாடம், அதே மேடை; நிய்யத்து மட்டும் வேறு. அந்த ஒன்றை அடைய 11 ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

அப்பணியும் நெடுநாள் நீடிக்கவில்லை. தூஸுக்குத் திரும்பி, இல்லத்தின் அருகே மாணவர்க்கு ஒரு மதரஸாவும் சூஃபிகளுக்கு ஒரு கான்காஹும் அமைத்தார்கள். 1110இல் பக்தாத் நிஜாமிய்யாவின் இருக்கை வெறுமையானபோது மீண்டும் அழைப்பு வந்தது. அவர்கள் மறுத்துவிட்டார்கள். தூஸில் தம்மிடம் பயிலும் 150 மாணவர்களை விட்டுவர இயலாது என்பதையும், குடும்பத்தையும், கலீலில் பூண்ட உறுதிகளையும் காரணமாகக் காட்டினார்கள்.

1111 டிசம்பர் 18, திங்கட்கிழமை வைகறையில் உளூச் செய்து தொழுதார்கள். பின்னர்க் கஃபன் துணியைக் கேட்டு வாங்கி, முத்தமிட்டு, கண்களில் ஒற்றிக்கொண்டு, கிப்லாவை நோக்கிப் படுத்தார்கள். பொழுது நன்கு புலருமுன் உயிர் பிரிந்தது என்று உடன்பிறந்தார் அஹ்மது அறிவித்ததாக வரலாறு கூறும். ஆண்மக்கள் எவரும் எஞ்சவில்லை, பெண்மக்கள் இருந்தனர். குடும்பச் செலவுக்குப் போதுமான பொருள் வீட்டில் இருந்ததாகவும், பிறர் கொடுக்க முன்வந்ததை அவர்கள் ஏற்றதில்லை என்றும் அல் ஃபாரிஸீ குறிக்கிறார்.